பதினைந்து கார், பன்னிரண்டு லாரி: திட்டப்பிரிவு ஒலி முகம்மது அவர்களுக்கு

சிங்கப்பூர், காலாங், ஈஸ்ட் பேசின் மோட்டார் கம்பெனியில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, 1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் சனிக்கிழமை ஓய்வு பெறும் திட்டப்பிரிவுத் தலைமை எழுத்தர் ஜனாப் ஒலி முகம்மது அவர்களுக்கு உடனுழைத்தோர் உவந்து வாசித்தளிக்கும் மடல்

அன்பும் அறிவும் அளவாய் அமைந்த அண்ணலே! காகிதமும் கரிக்கோலும் கைவிடாத கணக்கரே! சினம் மூண்டோர் முன்னே சிரித்த முகம் காட்டி, சிரித்தோர் முன்னே தேநீர்க் கோப்பை நீட்டிய செம்மலே! ஆலைச் சங்கு அலறுமுன் வந்து அமர்ந்து, அது அடங்கிய பின்னும் அசையாது அமர்ந்திருந்து, அடுத்த வாரம் எத்தனை கார், எத்தனை லாரி என்று எங்கள் அனைவருக்கும் எழுதி வைத்த ஏந்தலே! உங்களுக்கு எங்கள் வணக்கம். உங்கள் முறைப்படி சொன்னால், அஸ்ஸலாமு அலைக்கும்!

இம்மடலை எழுதும் பொறுப்பு லாரிப் பிரிவு அழகப்பனாகிய என் தலையில் விழுந்தது. தொழிற்சங்க ஆண்டு மலரில் இரண்டு கட்டுரை எழுதிய குற்றத்துக்கு இது தண்டனை. "நல்ல தமிழ்ல நாலு வரி எழுதுண்ணே, சட்டம் போட்டுக் குடுத்துரலாம்" என்று தையல் பிரிவு ரத்தினம்மா சொன்னார். நாலு வரி எழுத உட்கார்ந்தவனுக்கு நாற்பது வரியிலும் அடங்கவில்லை. சட்டம் செய்யும் தச்சர் கோபித்துக்கொண்டால் ரத்தினம்மாவிடம் பேசிக்கொள்ளட்டும்.

உழைப்பின் உறைவிடமே! 1948இல் இந்த ஆலை தகரக் கொட்டகையாய் இருந்த நாளில், டயர் எண்ணும் எழுத்தராக நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டிகளில் பாகங்கள் பாகங்களாக வரும் வண்டிகளை இங்கே பூட்டி, வர்ணம் பூசி, ஓட விடுவது நம் தொழில். பெட்டிக்குள் ஆணி ஒன்று குறைந்தாலும் உங்களுக்குத் தெரியும். குறைந்த ஆணிக்குக் கப்பல் கம்பெனிக்கு நீங்கள் எழுதிய கடிதங்களைக் கண்டு, அந்தக் கம்பெனிக்காரர்களே ஒரு பை நிறைய ஆணி அனுப்பி, தயவுசெய்து இனி எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட கதை இன்றும் கிடங்கில் பேசப்படுகிறது.

நாற்பத்தெட்டு வயதில் மனிதர்கள் மூக்குக் கண்ணாடியின் எண்ணை மாற்றிக்கொள்வார்கள். நீங்கள் பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில் பெயர் கொடுத்தீர்கள்! வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் உங்கள் மகன் வயது. வாத்தியாரே உங்களைக் கண்டு எழுந்து நின்றாராம். வாரம் இரண்டு நாள் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய், ஒரு புதுக் கணக்கைக் கற்று வந்தீர்கள். நேர்கோட்டுத் திட்டமிடல் என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். எங்கள் வாயில் அது நுழையவில்லை. கோட்டுக் கணக்கு என்று சுருக்கிக்கொண்டோம்.

கையில் இருக்கும் ஆளும் மணி நேரமும் இவ்வளவுதான் என்றால், அதை வைத்து எதை எத்தனை செய்தால் கம்பெனிக்கு நன்மை மிகும் என்று அந்தக் கணக்கு சொல்லும். கட்டம் போட்ட தாளில், பச்சைப் பென்சிலால் ஒரு கோடு, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் மூலையில் விரலை வைத்து, "விடை நடுவுல இருக்காது, மூலையிலதான் இருக்கும்" என்று சொல்வீர்கள். அதனால் உங்களுக்கு மூலைக்காரர் என்று பெயர் வைத்தோம். கேன்டீனில் கோப்பி ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய தாளில் யாரோ மீசை வரைந்தார்கள். நீங்கள் அந்த மீசைக்கும் ஓரம் வெட்டி அழகு செய்துவிட்டுப் போனீர்கள். வரைந்தது நான்தான்.

பொறுமையின் பொக்கிஷமே! இனி நான் சொல்லப்போவது மூன்றாண்டுக்கு முந்திய நிகழ்ச்சி. இங்கே கூடியிருக்கும் பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், ஆலைக்குப் புதிதாக வந்தவர்களும் உங்கள் துணைவியார் பதுருன்னிசா அம்மையாரும் முழுவதும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டில் நீங்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

1965ஆம் ஆண்டு. சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டு மாதம். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி அண்டை நாட்டுக்கு நம் வண்டி போக வேண்டுமானால் இனி வரி உண்டு என்றார்கள். இங்கேயோ பிரிட்டிஷ் வண்டியை ஜெர்மன் வண்டி முந்த, ஜெர்மன் வண்டியை விலையில் ஜப்பான் வண்டி முந்த, வாரம் ஒரு விளம்பரம், மாதம் ஒரு விலைக் குறைப்பு. ஆற்றுக்கு அக்கரையிலிருந்த போட்டி ஆலை, லாரியைக் கைவிட்டுக் கார் மட்டும் செய்யப் போவதாகச் செய்தி வந்தது. நம் மேலாளராக அன்றிருந்த விட்காம் துரைக்கும் அதே யோசனை. கார் ஒன்றுக்கு முந்நூறு வெள்ளி மிஞ்சும், லாரி ஒன்றுக்கு இருநூற்றைம்பதுதான் மிஞ்சும், அப்புறம் எதற்கு லாரி என்று கேட்டார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாரி நின்றால் வண்டி பூட்டும் மேடையில் பாதி வேலை நின்றுவிடும். முப்பத்தொரு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த முப்பத்தொரு பேரில் நானும் ஒருவன்.

அப்போது எழுந்தீர்கள் நீங்கள்! அதிகாரியின் அறைக்குள் அழைப்பின்றி நுழைந்தீர்கள்! கையில் கட்டம் போட்ட தாள். வர்ணம் பூசிய வண்டிக் கூட்டை வேக வைக்கும் அடுப்பு நம்மிடம் ஒன்றே ஒன்று. வாரத்துக்கு அறுபது மணி நேரம் எரியும். கார் ஒன்று அதில் மூன்று மணி நேரம் வேகும். லாரிக்கு ஓட்டுநர் கூடு மட்டுமே என்பதால் ஒரு மணி போதும். பூட்டும் மேடைக்கு எண்பது மணி நேரம். அங்கே காருக்கு இரண்டு மணி, லாரிக்கு நான்கு மணி. காரை மட்டும் செய்தால் இருபது காரோடு அடுப்பு நிறைந்துவிடும், மேடையில் பாதி நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆறாயிரம் வெள்ளி மிஞ்சும். பதினாறு காரும் பன்னிரண்டு லாரியும் செய்தால் அடுப்பும் நிறையும், மேடையும் நிறையும். ஏழாயிரத்து எண்ணூறு மிஞ்சும். கார் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், அடுப்பின் மணி ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த மூலையில் விரலை வைத்தீர்கள்.

விட்காம் துரை நீண்ட நேரம் தாளைப் பார்த்தாராம். நவம்பர் மாதம் நான்கு வாரம் தருகிறேன், சொன்ன எண்ணிக்கை வெளியே வரட்டும், வராவிட்டால் லாரி கிடையாது என்றார். எண்ணிக்கை தவறினால் யார் யார் போக வேண்டும் என்ற பட்டியலையும் இப்போதே தட்டச்சு செய்து உறையில் இட்டுக் கொடுங்கள் என்று உங்களிடமே சொன்னார். நீங்களும் செய்து கொடுத்தீர்கள்.

முதல் வாரம். பசி தூக்கம் பாராமல் உழைத்தோம். சனிக்கிழமை மாலை பன்னிரண்டு லாரி வரிசையாக நின்றது. பதினைந்து கார் பளபளவென்று நின்றது. பதினாறாவது கார் வர்ணம் காயாமல் அடுப்பின் வாயிலேயே நின்றது. எங்கே பிசகியது என்று யாருக்கும் புரியவில்லை. அடுப்புப் பிரிவு ரவூப், தன் ஆட்கள் ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தார். நீங்கள் கூட்டிப் பார்த்தீர்கள், பெருக்கிப் பார்த்தீர்கள், வகுத்தும் பார்த்தீர்கள். கணக்கு சரி. கார் மட்டும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் நீங்கள் என்ற செய்தி எங்கள் காதுக்கு வந்தது. அன்று மாலை ஆலை வாசலில், எல்லோரும் சம்பள உறையோடு நிற்கும்போது, நான் உங்கள் முகத்துக்கு நேரே, "கோடு போடுறேன் கோடு போடுறேன்னு எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே பாய்! எங்க பேர உங்க கையாலயே அடிச்சுக் குடுத்துட்டு எப்படி எங்க மூஞ்சியில முழிக்கிறீங்க?" என்று கத்தினேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு நடந்து போனீர்கள். நான் அன்று வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிசகைக் கண்டுபிடித்தது படித்தவர் யாருமில்லை. இருக்கைகளுக்கு உறை தைக்கும் ரத்தினம்மாதான்! கேன்டீனில் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஏன் பாய், வெள்ளிக்கிழம மத்தியானம் நீங்களும் ரவூப்பும் அடுப்பு ஆளுங்க எல்லாரும் லாரி ஏறித் தொழப் போயிடுறீங்க. அப்ப அடுப்ப யாரு பாத்துக்குறா லா?" என்று கேட்டார்.

கேன்டீனே வெடித்துச் சிரித்தது! இருபது பேர் சிரித்தோம், முதலில் சிரித்தது நீங்கள்! வாரா வாரம் டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலுக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்து அடுப்பு ஆட்களோடு அதே லாரியில் திரும்பி வரும் மனிதர், அந்த இரண்டு மணி நேரத்தை அடுப்பின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்! தேநீர் இடைவேளையைக் கழித்தீர்கள், மின்சாரம் நிற்கும் நேரத்தைக் கழித்தீர்கள், மழை பெய்தால் வர்ணம் காயாத நேரத்தைக்கூடக் கழித்தீர்கள். தொழுகையைக் கழிக்கத் தோன்றவில்லை. அதை வேலை இல்லாத நேரம் என்று நீங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. அடுப்புக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாய்மையின் வடிவமே! அந்தப் பிசகை நீங்கள் மறைத்திருக்கலாம். அடுப்பு பழையது, கரி சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நேரே போய், தவறு என்னுடையது, அடுப்புக்கு அறுபது மணி இல்லை, ஐம்பத்தெட்டு மணிதான் என்று சொன்னீர்கள். தொழுகையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியாதா, நாங்கள் அப்படித்தானே செய்கிறோம் என்று துரை உண்மையிலேயே கேட்டாராம். கூட நின்ற ரவூப் வந்து உங்கள் பதிலை எங்களுக்கு நடித்தே காட்டினார்: "அத மாத்துற அதிகாரம் பிளானிங் செக்ஷனுக்கு இல்ல சார்." துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு மணிக்குப் புதுக் கோடு போட்டீர்கள். இந்த முறை மூலை சொன்ன விடை, பதினைந்து காரும் ஒரு காரில் ஐந்தில் ஒரு பங்கும், பன்னிரண்டு லாரியும் ஒரு லாரியில் ஐந்தில் இரண்டு பங்கும்! "அஞ்சுல ஒரு காருன்னா எந்தப் பக்கம் பாய்? ஒரு சக்கரமும் ஹாரனும் குடுத்தாப் போதுமா?" என்று ரவூப் கேட்டார். லாரியில் ஐந்தில் இரண்டு பங்கைத் தெம்பனிஸ் மணல் குத்தகைக்காரர்களுக்குத் தள்ளிவிடலாம், அவர்கள் ஓட்டும் லாரிகள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன என்று இன்னொருவர் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே அந்த மூலையைச் சுற்றி முழு எண்களாக வரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தீர்கள். பதினாறும் பத்தும் குறைவு. பதினான்கும் பதின்மூன்றும் சற்றே குறைவு. பதினைந்து காரும் பன்னிரண்டு லாரியும்தான் நிறைவு. ஏழாயிரத்து ஐந்நூறு. காருக்கு மட்டும் சொன்ன ஆறாயிரத்தைவிட அப்போதும் கால் பங்கு கூடுதல்!

இந்தப் புது எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, இனி ஒரு வண்டி குறைந்தாலும் பேச்சில்லை என்று துரை சொல்லிவிட்டார். இரண்டாம் வாரம் பதினைந்தும் பன்னிரண்டும் வந்தன. மூன்றாம் வாரமும் வந்தன. நான்காம் வாரம் வியாழக்கிழமை பெருமழை, வண்டி நிறுத்தும் இடமெல்லாம் முழங்கால் நீர். வெள்ளிக்கிழமை நீங்களும் அடுப்பு ஆட்களும் வழக்கம்போலத் தொழப் போனீர்கள், வழக்கம்போலத் திரும்பினீர்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டாவது லாரியின் கடைசிச் சக்கரத்தை நான் முடுக்கினேன். துரை வந்து விரல் நீட்டி எண்ணினார். நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார். தொப்பியைக் கழற்றி உங்களைப் பார்த்து ஆட்டிவிட்டு உள்ளே போனார். முப்பத்தொரு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வந்தோம்.

மதியூகியே! அதோடு நின்றதா உங்கள் திறம்? அடுத்த ஆண்டே போட்டியாளர்கள் கார் விலையை வெட்டினார்கள். முந்நூறு மிஞ்சிய காரில் இருநூறுதான் மிஞ்சியது. எல்லோரும் கையைப் பிசைந்தோம். நீங்களோ பழைய தாளை எடுத்து, கோடுகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, ஒரு காரைக் குறைத்து ஒரு லாரியைக் கூட்டினால் போதும் என்றீர்கள். பதினான்கும் பதின்மூன்றுமாகச் செய்தோம். அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தெம்பனிஸ் மணலையும் கிராஞ்சிக் காய்கறியையும் ஏற்ற லாரிக்கு வரிசையில் நின்றார்கள். அக்கரை ஆலையில் விற்காத கார்களின் சக்கரத்தைச் சுற்றி லாலாங் புல் முளைத்ததை நம் மாடியிலிருந்தே பார்த்தோம். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தபோது, அங்கேயும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களைக் கடிந்துகொண்டீர்கள். பிறகு அங்கிருந்து ஆறு பேரை நம் மேடைக்கு எடுக்கச் செய்ததும் நீங்கள்தான்.

பதுருன்னிசா அம்மையாருக்கு ஓர் எச்சரிக்கை. திங்கட்கிழமை முதல் இவர் முழு நேரமும் உங்கள் பொறுப்பு. உங்கள் சமையலறையில் அடுப்பு இரண்டா மூன்றா, ஆட்டுக்கல்லுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டபடி வருவார். கட்டம் போட்ட தாளைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்துங்கள், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

இனி, பெரியவரே, நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இம்மடலுக்குத் தேதிகள் வேண்டுமென்று சென்ற வாரம் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். அவற்றினிடையே விட்காம் துரையின் பெயரிட்ட உறை ஒன்று பிரிக்கப்படாமலே கிடந்தது. நான்காம் வாரம் எண்ணிக்கை சரியாக வந்ததால் அதைப் பிரிக்க அவருக்கு வேலையில்லாமல் போயிருக்கிறது. இப்போதைய மேலாளரின் அனுமதி பெற்று நான் பிரித்தேன். நீங்கள் தட்டச்சு செய்த பட்டியல். முப்பத்தொரு பெயரை எதிர்பார்த்தேன். முப்பத்திரண்டு இருந்தன.

இரண்டாவது பெயர் என்னுடையது. முதல் பெயர், ஒலி முகம்மது, திட்டப்பிரிவு. காரணம் என்ற பத்தியில் எங்கள் முப்பத்தொரு பேருக்கும் வேலை இல்லை என்று அடித்திருந்தீர்கள். உங்களுக்கு மட்டும், கணக்குத் தவறியது என்று அடித்திருந்தீர்கள். தேதி, அக்டோபர் முப்பது. ஆலை வாசலில் நான் உங்களைப் பார்த்துக் கத்திய நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு.

அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. மூன்று ஆண்டு என்னோடு ஒரே மேசையில் தேநீர் குடித்தும் சொல்லவில்லை. பாய், நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல் அது, எல்லோர் முன்னிலையிலுமே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நோயணுகா உடலும், நொடியும் வாடா உள்ளமும், பேரர் பேத்தியர் பெருகிய இல்லமும் பெற்று, வெள்ளிக்கிழமை தோறும் நேரக் கணக்கின்றித் தொழுது, நீங்கள் நூறாண்டு வாழ எங்களில் ஒவ்வொருவரும் அவரவர் வணங்கும் இறைவனை வேண்டுகிறோம்.

கீழே கையெழுத்திட்டிருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேர், அதே வரிசையில், தமிழிலும் சீனத்திலும் மலாயிலுமாக. வேறு ஆலைக்கு மாறிப் போன இருவரும் இன்று இதற்காகவே வந்திருக்கிறார்கள். ஒருவரும் குறையவில்லை. முதல் எண்ணில் இன்று யாரும் கையெழுத்திடவில்லை.

1.

2. அழகப்பன், லாரிப் பிரிவு

3 முதல் 32 வரை: லாரிப் பிரிவுத் தோழர்கள்

உடன் மகிழ்ந்து கையொப்பமிடுவோர்: ரத்தினம்மா, தையல் பிரிவு, ரவூப், அடுப்புப் பிரிவு

காலாங், சிங்கப்பூர்
31.8.1968